பூச்சின் வெடிப்பும் மரத்தின் பிளவும்

ஐபு என்னும் அரபுச் சொல்லை நம் இல்லங்களில் அறியாதார் இலர். 'பிறர் ஐபைப் பேசாதே' என்று பிள்ளையைக் கண்டிக்கும் தாய்மார், தாம் ஓர் அரபுச் சொல்லை ஆளுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. குறை, குற்றம், பழுது, மாசு எனத் தமிழில் இதற்கு இணையான சொற்கள் பல உள. எனினும் சட்ட நூலில் இச்சொல் வருங்கால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கண்ணிற்படும் கோணல் ஒவ்வொன்றும் ஐபு ஆகிவிடுவதில்லை. கண்ணிற்படாத காரணத்தால் ஒன்று ஐபு ஆகாமற் போய்விடுவதுமில்லை. எது ஐபு, எது ஐபு அன்று என்று பிரித்தறிவதற்கென்றே ஃபிக்ஹு நூல்களின் வணிக இயலில் ஒரு தனிப்பகுதி இருக்கின்றது. 'கியாருல் ஐபு' என்பது அதன் பெயர். குறை கண்டவிடத்துப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்குள்ள உரிமையை அது பேசுகின்றது.

ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்னும் நூலை ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதியவர்கள் இப்பகுதியை மறந்திருக்க மாட்டார்கள். அங்கே சொல்லப்படும் இலக்கணத்தின் சாரம் இதுதான். பொருளின் உடலையோ மதிப்பையோ குறைத்து, அதை வாங்கியதன் முறையான நோக்கத்தைக் கெடுப்பது எதுவோ அது ஐபு. ஆனால் அவ்வினத்தைச் சேர்ந்த பொருள்களில் அக்குறை இல்லாதிருப்பதே பெருவழக்காக இருத்தல் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை மாணவர்கள் பெரும்பாலும் விரைந்து ஓதிக் கடந்துவிடுவர். கிழமாட்டின் பல் தேய்ந்திருந்தால் அதனைக் காட்டி வியாபாரத்தை முறிக்க இயலாது. கிழமாட்டிற்குப் பல் தேயாதிருந்தால் அன்றோ வியப்பு!

இந்நிபந்தனையின் ஆழத்தை எனக்கு நன்கு விளக்கிக் காட்டியது மாடும் அன்று, மனையும் அன்று. ஒரு பழைய மின்கிதார்.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் வளைகுடா நாட்டில் பணி செய்தவர். அங்கே ஒருவரிடம் பழைய அமெரிக்கக் கிதார் ஒன்றை விலைக்கு வாங்கி, ஊர் திரும்புகையில் விமானத்தில் சரக்கோடு சரக்காகக் கொண்டுவந்தார். குடும்பச் செலவு நெருக்கவே அதனை விற்க முற்பட்டார். வாங்கியவர், எங்கள் ஊர் மாதா கோவிலில் பாடற்குழுவினருக்கு வாசிக்கும் இளைஞர். இருவரும் பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்தவர்கள். விலை பேசிப் பணம் கைமாறி நான்கு நாள் ஆகவில்லை. கருவியின் முகப்பில் மெல்லிய கோடுகள் வலைபோல ஓடுவதை வாங்கியவர் பகல் வெளிச்சத்தில் கண்டார். உடைந்த மரத்திற்கு வண்ணம் தீட்டித் தம் தலையில் கட்டிவிட்டதாக அவர் நண்பர்களிடம் சொன்னார். நண்பர்கள் தேநீர்க் கடையில் சொன்னார்கள். இரண்டு இளைஞர்களுக்கிடையே முடிந்திருக்க வேண்டிய பேச்சு, இரண்டு தெருக்களுக்கிடையே நடக்கும் பேச்சாக மாறத் தொடங்கிற்று. விற்றவரின் தந்தையார் ஐந்து வேளையும் ஜமாஅத்திற்கு வருபவர். அந்த வாரம் அவர் எவரோடும் பேசாமல் வந்து, எவரோடும் பேசாமல் திரும்பினார்.

முடிவில் இருவரும் என்னிடம் வந்தனர்.

"ஹஜ்ரத், அது வெறும் பூச்சு வெடிப்பு. மரத்திற்கு ஒன்றுமில்லை" என்றார் விற்றவர்.

"ஐயா, மரம் வெடிக்காமல் மேலே உள்ள பூச்சு மட்டும் எப்படி வெடிக்கும்? நீங்களே சொல்லுங்கள்" என்றார் வாங்கியவர்.

நரம்புக் கருவிகளைப் பற்றிய நம் மத்ஹபின் முடிவை அறிந்த அன்பர்கள் இவ்விடத்தில் முகஞ்சுளிக்கக் கூடும். நம் இமாம்களில் பெரும்பாலோர் அவற்றை அனுமதிக்கவில்லை. ஹிஜ்ரி 456-இல் (கி.பி. 1064) மறைந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்ற சிலர் அதற்கு மாறுபட்டுக் கூறியுள்ளனர். விற்ற தம்பியிடம் நம் மத்ஹபின் முடிவை மறைக்காமல் எடுத்துரைத்துவிட்டேன். ஆனால் பொருள் எதுவாயினும் ஏமாற்று ஏமாற்றே, அவதூறு அவதூறே. சகோதர சமயத்தவர் ஒருவர் நம்மவர் ஒருவரால் வஞ்சிக்கப்பட்டாரா என்ற கேள்வி எழுந்திருக்க, அது என் கிதாபில் இல்லாத கருவி என்று சொல்லி நான் எழுந்து போய்விட முடியுமா? ஃபத்வா வழங்குபவனாக அன்றி, இருவரையும் சமாதானம் செய்விப்பவனாகவே அமர்ந்தேன்.

குறை உண்டா இல்லையா என்பதில் ஐயம் எழுந்தால் அத்துறை வல்லாரைக் கேட்க வேண்டும். அவர்களை நூல்கள் 'அஹ்லுல் கிப்ரா' என்று சுட்டும். மாட்டின் நோயை மாட்டு வைத்தியரும், மரத்தின் நோயை மரவேலை அறிந்தவருமே சொல்ல வல்லவர். ஆலிமின் தலைப்பாகைக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஆகவே மூவருமாகச் சென்னைக்குப் புறப்பட்டு, நரம்புக் கருவிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை அடைந்தோம்.

அவர் கருவியைக் கையில் வாங்கியதும் கோடுகளைப் பார்க்கவில்லை. "இது எந்தக் காலத்துக் கருவி? என்ன பூச்சு?" என்று கேட்டார். பூச்சு இன்னதென்று தெரியாமல் வெடிப்பைப் பற்றிப் பேசுவது, நோயாளியின் வயது தெரியாமல் நரையைப் பற்றிப் பேசுவது போன்றது என்றார். பிறகு அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

மின்கிதார்களில் பெருவழக்காக உள்ள பூச்சுகள் இருவகை. ஒன்று நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பருத்தி நாரை அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது இது. 1920களில் மோட்டார் வண்டிகளுக்கு விரைவில் உலரும் பூச்சாக அமெரிக்காவில் பரவி, பின்னர் இசைக்கருவி செய்வோரிடமும் வந்து சேர்ந்தது. கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால், ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய இரண்டும் தொடக்க காலத்தில் இப்பூச்சுப் பெற்றவையே. மற்றொன்று பாலியெஸ்டர், பாலியூரிதேன் ஆகிய தடித்த பிளாஸ்டிக் பூச்சு. 1960களின் இறுதியில் ஃபெண்டர் இவ்வகைக்கு மாறிற்று. லாக்கர் என்ற சொல்லின் வேர் நம் நாட்டு அரக்கில் இருக்கின்றது. அரக்கைக் குறிக்கும் வடசொல் பாரசீகத்திலும் அரபியிலும் 'லக்' என வழங்கி, ஐரோப்பா சென்று லாக்கர் ஆயிற்று. அரக்கைப் பூச்சி தருகின்றது. இன்றைய லாக்கரை ஆலை தருகின்றது.

இனி, மரம் வெடிக்காமல் பூச்சு மட்டும் எப்படி வெடிக்கும் என்ற கேள்விக்கு வருவோம். வெட்டி உலர்த்திய பின்னும் மரம் அசைவற்றுக் கிடப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஈரம் குறைந்தால் சுருங்கும். இந்தப் பருமையும் சுருக்கமும் ரேகைக்குக் குறுக்காகவே மிகுதி. நீளவாட்டில் மிகக் குறைவு. மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் கதவு நமக்கு இதனை ஆண்டுதோறும் கற்பிக்கின்றது. புதிய லாக்கர் சற்றே இளக்கமாக இருக்கும். மரத்தோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் அதற்கு முடியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இளக்கம் வற்றிப் பூச்சு மேலும் சுருங்கி விறைத்துப் போகும். அப்போது திடீரென்று குளிரோ வெப்பமோ தாக்கினால் மரம் ஒரு வேகத்திலும் பூச்சு ஒரு வேகத்திலும் அசைய, பூச்சு தாங்காமல் வெடிக்கும். குளிரில் நெடுந்தொலைவு வந்த கருவியின் பெட்டியைச் சூடான அறையில் உடனே திறப்பவர்கள், தம் கண்ணெதிரிலேயே கோடுகள் ஓடுவதைக் காண்பதுண்டு. அதனால்தான் பெட்டியை ஒருநாள் அளவு மூடியே வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும் என்று பயின்றவர்கள் சொல்கின்றனர். குளிரூட்டிய அறையில் பல காலம் இருந்து, விமானத்தில் பயணம் செய்து, எங்கள் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் திறக்கப்பட்ட ஒரு பழைய கருவி வெடிக்காமல் இருந்திருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

பூச்சு வெடிப்பையும் மரப்பிளவையும் பிரித்தறிய முதியவர் காட்டிய வழிகள் எளியவை. எவரும் தம் கையாலேயே செய்து பார்க்கலாம்.

முதலாவது, கோட்டின் போக்கு. பூச்சு வெடிப்பு பெரும்பாலும் தனியே வராது. பல கோடுகள் ஏறக்குறைய இணையாகவோ வலைபோலவோ வரும். மரத்தின் ரேகையைப் பொருட்படுத்தாமல் அதனைக் குறுக்கே வெட்டியும் செல்லும். மரப்பிளவு பெரும்பாலும் தனித்த ஒரு கோடு. மரத்தின் ரேகையையே வழியாகக் கொண்டு ஓடும்.

இரண்டாவது, நகம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்க வேண்டும். பூச்சு வெடிப்பில் நகம் தடுக்குவது அரிது. தடுக்கினாலும் கோட்டின் இருபுறமும் ஒரே மட்டமாக இருக்கும். மரம் பிளந்திருந்தால் ஒருபுறம் மேடாகவும் ஒருபுறம் தாழ்வாகவும் இருப்பதை நகம் உணர்ந்துவிடும்.

மூன்றாவது, கோடு சென்று முடியும் இடம். முகப்பில் தொடங்கிய கோடு விளிம்பைச் சுற்றி முதுகுப்புறம் வரை தொடர்ந்தால் ஐயப்பட வேண்டும். கம்பிகளைக் கழற்றி, பிக்கப் எனப்படும் ஒலிவாங்கிகள் அமர்ந்துள்ள குழியைத் திறந்து பார்த்தால், பூச்சுக் குறைந்த வெறும் மரம் அங்கே தெரியும். கழுத்தைத் திருகாணிகளால் பொருத்திய கருவியாயின் கழுத்தைக் கழற்றிவிட்டு, அது அமரும் குழியையும் பார்க்கலாம். அந்தக் குழியின் மூலைகளில் கோடுகள் காண்பது மிகச் சாதாரணம். கழுத்து இறுக்கமாக உரசுவதால் பூச்சு அங்கே வெடிக்கின்றது. அதே கோடு உள்ளே வெறும் மரத்திலும் தொடர்ந்தால், அல்லது விரலால் அழுத்தும்போது அந்த மெல்லிய சுவர் அசைந்தால், அது மரத்தின் பிளவு.

நான்காவது, அசைவு. ஆறு கம்பிகளும் சுருதி சேர்ந்து நிற்கையில் கழுத்தின் மீது சுமார் 45 கிலோ இழுப்பு இருக்கின்றது. கம்பிகளைத் தளர்த்தியும் முறுக்கியும் பார்க்கையில் கோடு மூடியும் திறந்தும் காட்டினால் அது பூச்சோடு நின்ற கோடு அன்று.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கோடு ஒன்றும் உண்டு. கிதாரின் உடல் பெரும்பாலும் இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிச் செய்யப்படுவது. காலப்போக்கில் அந்த ஒட்டின் வரி பூச்சின் மேலேயும் தெரியத் தொடங்கும். நூல் பிடித்தாற்போல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடும் அக்கோடு வெடிப்பும் அன்று, பிளவும் அன்று. பிறவியிலேயே உள்ள தையல்.

பாலியெஸ்டர் பூச்சுக்கு வேறு கணக்கு. அது முதுமையால் வலைபோல வெடிப்பது அரிது. அதில் கோடு காணப்பட்டால் அடி எங்கே பட்டது என்று தேட வேண்டும். கோட்டின் ஓரம் வெளுத்துத் தெரிந்தால் பூச்சு மரத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது என்பது பொருள்.

இத்தனை சோதனைகளையும் செய்து முடித்த முதியவர், "முகப்பில் உள்ளவை அத்தனையும் லாக்கர் வெடிப்பு. உடல் மரம் நல்ல மரம்" என்றார். விற்ற தம்பியின் முகம் மலர்ந்தது. வாங்கிய தம்பி தலைகுனிந்தார். வழக்கு முடிந்தது என்று நானும் எழ முற்பட்டேன். முதியவரோ கருவியைக் கீழே வைக்கவில்லை. அதைத் திருப்பித் தலைப்பகுதியின் முதுகைத் தடவத் தொடங்கினார்.

இவ்வகைக் கருவியின் தலை, கழுத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு ஏறத்தாழ 14 முதல் 17 பாகை வரை இருப்பதுண்டு. கழுத்தும் தலையும் ஒரே மகோகனிக் கட்டையிலிருந்து செதுக்கப்படுவதால், சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் நார் நீளமாக ஓடாமல் குறுகி அறுபட்டு நிற்கின்றது. கழுத்தின் உள்ளே செல்லும் இரும்புக் கம்பியை முடுக்குவதற்காக அதே இடத்தில் ஒரு குழியும் குடைந்திருக்கும். ஆகவே கருவி முழுவதிலும் வலிமை குன்றிய இடம் அதுவே. கருவி மல்லாக்க விழுந்தால் முதலில் விட்டுப் போவதும் அதுவே. ஃபெண்டர் கருவிகளில் தலை சாயாமல் கழுத்தின் போக்கிலேயே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

அங்கே தலைமயிர் போன்ற ஒரே ஒரு கோடு இருந்தது. முதியவர் சுட்டிக் காட்டிய பின்னும் அதைக் காண நான் கண்ணாடியை இருமுறை துடைக்க வேண்டியிருந்தது. அவர் அறையை இருட்டாக்கி, கள்ள நோட்டுகளைக் கண்டறிய வங்கிகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கைப் பிடித்தார். பழைய லாக்கர் அவ்வொளியில் பசுமஞ்சளாக ஒளிரும். உடல் முழுவதும் அவ்வாறே ஒளிர்ந்தது. தலை தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு கையகலம் இருண்டு கிடந்தது. பிற்காலத்துப் பூச்சு!

"முன்பொரு நாள் உடைந்து, ஒட்டி, மேலே பூசியிருக்கிறார்கள் ஐயா. ஒட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது. இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் இந்த விலை இதற்கு விலை அன்று" என்றார்.

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. வாங்கியவர் எந்தக் கோடுகளைக் கண்டு கொதித்தாரோ அவை ஐபு அல்ல. அவ்வயதுடைய லாக்கர் கருவியில் அவை இருப்பதுதான் பெருவழக்கு. எந்த ஒன்று ஐபோ, அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவே இல்லை. விற்றவரோ அதனை அறிந்தவரும் அல்லர். வளைகுடாவில் தமக்கு விற்றவர் சொல்லாமல் விட்டதைத் தாமும் அறியாமலே கடத்திவிட்டிருந்தார்.

இவ்விடத்தில் சட்டம் தெளிவாக இருக்கின்றது. விற்றவர் அறியாமல் விற்றார் என்பது அவரைப் பாவத்திலிருந்து விடுவிக்கும். வாங்கியவரின் உரிமையை அது அழிக்காது. 'உள்ளபடியே விற்கிறேன், குறைக்கு நான் பொறுப்பல்ல' என்று நிபந்தனையிட்டு விற்றாலும், நம் மத்ஹபில் அந்த நிபந்தனை உயிர்ப்பிராணியின் வெளித்தெரியாத, விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே பயன்படும். மரத்திற்கும் பாத்திரத்திற்கும் அது பயன்படாது. குறையை அறிந்தவர் காலந்தாழ்த்தாமல் உடனே சொல்ல வேண்டும் என்பதும் விதி. வாங்கியவருக்கு அந்த 'உடனே' என்பது அம்மேசையின் முன்னால்தான் தொடங்கிற்று.

நான் விதியைச் சொல்லி முடிக்குமுன் விற்ற தம்பி, "ஹஜ்ரத், பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அந்தப் பணத்தின் ஒரு பகுதி வீட்டுச் செலவில் கரைந்திருந்ததை நான் அறிவேன். கடன் வாங்கிக் கொடுத்தார். கொடுத்து முடித்த பின் வாங்கிய தம்பி, "கோவிலில் வாசிக்க எனக்குக் கருவி வேண்டும். இப்போது இதன் உண்மை தெரியும். உண்மைக்குத் தக்க விலை சொன்னால் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். முதியவர் ஒரு விலை சொன்னார். பழைய வியாபாரம் முறிந்து, குறை வெளிப்படச் சொல்லப்பட்ட புதிய வியாபாரம் நடந்தது. வாங்கிய தம்பியிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். முன்பு எந்தக் கடையில் நின்று பழி சொன்னாரோ, அதே கடையில் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. மறுநாளே சொன்னார் என்று விற்றவரின் தந்தையார் அஸர் தொழுகைக்குப் பின் என் கையைப் பற்றிக்கொண்டு கூறினார்.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத் தக்கது. ஃபெண்டர் நிறுவனம் 1995 முதல், புதிய கிதார்களையே பழையவை போலத் தேய்த்துக் கீறி 'ரெலிக்' என்ற பெயரில் விற்று வருகின்றது. லாக்கரைக் குளிரூட்டி வேண்டுமென்றே வெடிக்கச் செய்பவர்களும் உளர். அந்தக் கோடுகளுக்காகவே கூடுதல் விலை கொடுப்போர் இருக்கின்றனர். ஒருவர் ஐபு என்று திருப்பித் தருவதை மற்றொருவர் அழகென்று வாங்குகிறார். ஐபு எது என்பதை அப்பொருளைக் கையாள்வோரின் வழக்கைக் கொண்டு அளக்க வேண்டும் என்று நம் முன்னோர் எழுதி வைத்ததன் நுட்பம் இங்கே விளங்குகின்றது. செயற்கை முதுமையை முதுமை என்று சொல்லி விற்றால் அது வஞ்சம். செயற்கை என்று சொல்லி விற்றால் அது வணிகம். வேறுபாடு கோட்டில் இல்லை, சொல்லில் இருக்கின்றது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் நாம் படித்திருக்கிறோம். மேற்புறம் உலர்ந்திருந்த அந்தக் குவியலுக்குள் அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று பெருமானார் எச்சரித்தார்கள். மேற்பரப்பைக் கண்டு அவர்கள் பாராட்டவும் இல்லை, பழிக்கவும் இல்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்த பின்னரே பேசினார்கள். விற்பவர்க்கு இதில் உள்ள பாடத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம். வாங்குபவர்க்கும், அவருடைய சொல்லைக் கேட்டுத் தெருவில் நின்று தீர்ப்பளிப்பவர்க்கும் உள்ள பாடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய பொருள் ஒன்றை வாங்குவோர் நகத்தாலும் விளக்காலும் சோதித்து, அறிந்தாரைக் கேட்டு வாங்கட்டும். விற்போர் தாம் அறிந்த குறையை வாய்திறந்து சொல்லி விற்கட்டும். அதன் பின்னும் ஒரு கோடு கண்ணிற்பட்டால், அது பூச்சோடு நின்றதா மரத்தைத் தொட்டதா என்று தெரியும்வரை, விற்றவரின் பெயரைத் தெருவுக்குக் கொண்டு போகாதிருக்கட்டும்.